ஆற்றில் விட்ட இன்னொரு பொட்டலம்

1

இன்றோடு நான் இந்த நாட்டுக்கு வந்து ஏழு வருஷம் முடிகிறது. எனக்கு அது ஞாபகத்தில் இல்லை. போன வாரம் சுகந்திதான் ஊரிலிருந்து போன் போட்டுச் சொன்னாள். “அத்தை, நீங்க ஏறின அதே தேதிக்குத்தான் எனக்கும் டிக்கெட் வந்திருக்கு.” சுகந்தி என் மருமகள் வசந்தியின் தங்கை. மணப்பாறையில் அம்மாவோடு இருக்கிறாள், நர்ஸ் வேலை. கல்யாணம் கட்டினவன் விட்டுவிட்டுப் போய்விட்டான். ஒரு வருஷமாக ஜெர்மன் பாஷை படித்துப் பாஸ் பண்ணி, இன்றைக்குச் சாயங்காலம் ஜெர்மனிக்கு விமானம் ஏறுகிறாள். நான் இதை எழுதும்போது அவள் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருப்பாள்.

எழுதச் சொன்னதும் அவள்தான். “கோயில்ல எங்ககிட்ட சொன்னீங்களே அத்தை, அதை அப்படியே எழுதுங்க. பயந்துக்கிட்டு உட்கார்ந்திருக்கிறவங்க நாலு பேர் படிக்கட்டும்” என்றாள்.

எனக்கு ஐந்தாம் வகுப்பு வரைதான் படிப்பு. நாலு பேர் நடுவில் பேசச் சொன்னால் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நிற்பேன். நோட்டில் எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்கப்போவதில்லை என்பதால் துணிந்து உட்கார்ந்தேன். நான் செய்த ஒரு தப்பும் இதில் வரும். அதைச் சொல்லாமல் வசந்தியின் பெருமையைச் சொல்ல முடியாது.

2

நாங்கள் இருப்பது அயர்லாந்தில், கால்வே என்ற ஊரில். நான், வசந்தி, என் பேத்தி யாழினி, மூன்றே பேர். இங்கே மழை பெய்யும் என்று சொல்வதைவிட, மழை நிற்கும் என்று சொல்வதுதான் செய்தி. ஊர் நடுவே ஒரு ஆறு ஓடுகிறது. எந்த மாசமும் தண்ணீர் குறையாது. மேட்டூரில் திறந்துவிட்டார்களா என்று இங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை.

எனக்கு இங்கே தெரிந்த இங்கிலீஷ் எங்கள் வீட்டுப் பக்கம் வரும் பஸ்ஸின் நம்பர், அப்புறம் ‘கிராண்ட்’. இந்த ஊரில் உடம்பு எப்படி என்றாலும் கிராண்ட், டீ போதுமா என்றாலும் கிராண்ட். அந்த ஒரு வார்த்தையை வைத்து ஏழு வருஷம் ஓட்டிவிட்டேன். பஸ்ஸை விட்டு இறங்கும்போது எல்லாரும் டிரைவருக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்குவார்கள். எனக்கு அது வாயில் வராது. “போயிட்டு வரேங்க” என்றுதான் வரும். முதலில் அந்த டிரைவர் விழித்தார். இப்போது நான் ஒரு நாள் வாயைத் திறக்காமல் இறங்கினால் கண்ணாடியில் திரும்பிப் பார்க்கிறார்.

யாழினிக்குப் பதிமூன்று வயது. தமிழ் பேசுவாள், ஆனால் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதுவாள். என்னை அப்பாயி என்று கூப்பிடுவது மட்டும் மாறவில்லை. கோயிலுக்குக் கூப்பிட்டால் “ஏன்?” என்பாள். அவள் வயசில் நான் ‘ஏன்’ என்று கேட்டதே இல்லை. அதனால் என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரிவதில்லை.

வசந்திக்குக் காலை ஏழரை மணிக்கு டூட்டி தொடங்கும். ஆறரைக்குக் கிளம்புவாள். பிரிட்ஜின் கதவில் ரங்கநாதர் படம் ஒன்று காந்தத்தால் ஒட்டியிருக்கிறது. எங்கள் வீட்டுச் சாமி அறை அவ்வளவுதான். ஷூவைக் கட்டிக்கொண்டு, ஒரு கையால் அந்தப் படத்தைத் தொட்டு, “சரி, வாங்க போவோம்” என்பாள். பெருமாளைப் பார்த்துச் சொல்வதுதான். அதைக் கொடு, காப்பாற்று என்றெல்லாம் கிடையாது. கூட வேலைக்கு வருகிற ஆளைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிடுவாள். பிறகு மழைக் கோட்டை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுப்பாள். அந்த சைக்கிளின் சிவப்பு விளக்கு தெருமுனையில் மறைகிற வரைக்கும் நான் ஜன்னலில் நிற்பேன். ஏழு வருஷமாக நிற்கிறேன். இன்றைக்கும் எனக்குப் பயம்தான். அவளுக்கும் பயம் உண்டு, காட்டிக்கொள்ள மாட்டாள்.

3

திருச்சியில், தென்னூரில் நாங்கள் வாடகைக்கு இருந்த மாடியிலிருந்து பார்த்தால் மலைக்கோட்டை தெரியும். என் வீட்டுக்காரர் போன பிறகு என் மகன் சரவணன், வசந்தி, குழந்தை என்று நாலு பேராக இருந்தோம். ஒரு காய்ச்சலில் சரவணன் போய்விட்டான். யாழினிக்கு அப்போது இரண்டு வயது. அதைப் பற்றி அதிகம் எழுத எனக்குக் கை வரவில்லை.

வசந்தி தென்னூரிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். அழுதாள், பிறகு வேலைக்குப் போனாள். இரண்டு வருஷம் போனது. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள்.

“அத்தை, அயர்லாந்துல நர்ஸ் வேலைக்கு என்னை எடுத்திருக்காங்க. முதல்ல நான் மட்டும் போகணும். அங்க ஒரு பரீட்சை இருக்கு, அது பாஸானாதான் வேலை நிக்கும். அப்புறம் பாப்பாவைக் கூப்பிட்டுக்கலாம். உங்களையும் கூப்பிடுவேன்.”

“பாஸாகலைன்னா?”

“திரும்பி வந்துடுவேன். அதுல என்ன வெக்கம்?”

என் காதில் விழுந்தது வேறு. பாப்பாவைக் கூப்பிட்டுக்கொள்வாள் என்பதுதான் விழுந்தது. மருமகளுக்கு வேலை கொடுக்கிற நாடு மாமியாரையுமா கூப்பிடும்? மகன் போனான், இப்போது பேத்தியும் போவாள், அந்த மாடியில் நான் மட்டும் மலைக்கோட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இதை வாய்விட்டுச் சொல்ல வெட்கம். “நல்லா யோசிச்சுக்கம்மா” என்று மட்டும் சொன்னேன்.

அவளும் யோசித்தாள். சரி என்று சொல்ல வேண்டிய நாள் நெருங்க நெருங்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில், “பெருமாள்கிட்ட உத்தரவு கேட்டுப் பார்ப்போம் அத்தை. நீங்களே பூ கட்டுங்க” என்றாள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு காகிதத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ வைத்து, இரண்டையும் ஒன்றுபோல மடித்து சாமி முன்னால் போட வேண்டும். விவரம் தெரியாத குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்ல வேண்டும். வருகிற பூதான் சாமியின் பதில். எந்தப் பூவுக்கு என்ன அர்த்தம் என்று மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்வோம், வெளியில் சொல்வதில்லை. எடுக்காத பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கக் கூடாது, ஆற்றில் விட்டுவிட வேண்டும்.

நான் பிறந்த லால்குடிப் பக்கம் வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம்.

அன்று காலையில் நான் பூக்காரியிடம் நந்தியாவட்டையும் செவ்வரளியும் வாங்கினேன். இரண்டு காகிதத் துண்டு எடுத்தேன். ஒன்றில் செவ்வரளியை வைத்து மடித்தேன். இன்னொன்றை எடுத்தேன். கை நந்தியாவட்டைக்குப் போனது. அங்கேயே நின்றது. பக்கத்து அறையில் யாழினி ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். இரண்டாவதிலும் செவ்வரளியை வைத்து மடித்துவிட்டேன். நந்தியாவட்டையைத் துளசிச் செடி தொட்டியில் போட்டேன்.

பெருமாளிடம் கேட்கிற கேள்விக்கு நானே பதில் எழுதிக் கொண்டுபோனேன். அவ்வளவுதான் விஷயம்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனோம். பெரிய சன்னதியில் இதற்கெல்லாம் இடம் கிடையாது, கூட்டம் நம்மைத் தூக்கிக்கொண்டு போய்விடும். தரிசனம் முடித்து, தாயார் சன்னதிக்கு வெளியே ஒரு தூண் ஓரமாக உட்கார்ந்து பொட்டலங்களைப் போட்டேன். யாழினிக்கு நாலு வயது. இரண்டையும் எடுக்கப் பார்த்தாள். “ஒண்ணுதான்டி தங்கம்” என்று வசந்தி சொல்ல, ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

வசந்தி பிரித்தாள். செவ்வரளி.

நான் முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளத் தயாராக இருந்தேன். “அத்தை! சிவப்பு! உத்தரவு கெடச்சிருச்சு!” என்று அவள் என்னைக் கட்டிக்கொண்டாள்.

மணப்பாறையில் அவள் அம்மா வீட்டில் சிவப்புதான் உத்தரவாம். குங்குமத்தின் நிறமாம். ஆறு வருஷம் ஒரே அடுப்பில் சமைத்தோம், இது எனக்குத் தெரியாது.

இல்லையம்மா, சிவப்பென்றால் வேண்டாம் என்று அர்த்தம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் குழப்பம் வரும். குழப்பம் வந்தால் இன்னொன்றையும் பிரி என்பாள். அதிலும் செவ்வரளி இருக்கும். அப்படியே வாயை மூடிக்கொண்டேன்.

அம்மா மண்டபத்துக்கு நடந்தோம். முட்டி வலியால் நான் மேல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மிச்சப் பொட்டலத்தை வசந்திதான் கீழே இறங்கிப் போய்க் காவிரியில் விட்டாள். கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஏறி வரும்போது கண் கலங்கியிருந்தது. சரவணனை நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது என்று எண்ணினேன்.

4

அவள் போனாள். ஒன்றரை வருஷம் குழந்தை என்னோடு இருந்தது.

அந்த முதல் குளிர்காலத்தில் அவள் எப்படி இருந்தாள் என்று நான் இங்கே வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஒரு அறை, ஒரு ஹீட்டர், தெரிந்த முகம் ஒன்றுமில்லை. பகலில் வேலை, திரும்பி வந்து படிப்பு. போனில் எங்களிடம் சிரிப்பாள். “இங்க ஆரஞ்சு நல்லா இருக்கு அத்தை” என்பாள். பரீட்சைக்கு முதல் நாள் மட்டும், “அத்தை, நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். போனைக் கொஞ்ச நேரம் வச்சிருங்க, போதும்” என்றாள். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்துவிட்டாள். மறுநாள் போய்ப் பாஸ் பண்ணிவிட்டாள்.

பிறகு குழந்தைக்கு விசா வந்தது. எனக்கும் வந்துபோக ஒரு விசா எடுத்தாள். “நீங்கதான் பாப்பாவைக் கூட்டிட்டு வரணும். எனக்கு லீவு இல்ல” என்றாள். நான் சென்னைக்கே தனியாகப் போனதில்லை. நடுவில் ஒரு ஊரில் இறங்கி விமானம் மாற வேண்டுமாம்.

திருச்சி ஏர்போர்ட்டில் வாசல் கண்ணாடிக் கதவில் துப்பாக்கி வைத்துக்கொண்டு ஒரு போலீஸ்காரர் நின்றார். டிக்கெட் இருப்பவர்கள் மட்டும் உள்ளே. கூட வந்த சுகந்தியை அங்கேயே நிறுத்திவிட்டார். நான் யாழினியின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். போனில் வசந்தி இருந்தாள்.

“அத்தை, கதவுகிட்ட வந்துட்டீங்களா?”

“வந்துட்டேன். பயமா இருக்கு. நான் வரலம்மா.”

“பயம் இருக்கட்டும் அத்தை. பயம் போனாதான் போவேன்னா நான் இன்னும் தென்னூர்லதான் இருந்திருப்பேன். பெருமாள் உள்ளதான் நிக்கிறாரு. போங்க.”

போனேன். இங்கிலீஷ் தெரியாதவர்களுக்கு ஒரு வழி உண்டு என்று வசந்தி சக்கர நாற்காலிக்குச் சொல்லி வைத்திருந்தாள். நன்றாக நடக்கிற நான் அதில் உட்கார, மடியில் யாழினி உட்கார, யாரோ தள்ளினார்கள். “அப்பாயி, வேகமா போகச் சொல்லு!” என்று அவள் கத்தினாள். வெட்கத்தில் முகத்தை அவள் முதுகில் புதைத்துக்கொண்டேன்.

வந்த பிறகு காகித வேலை. அதை ஒரு புராணமாகவே எழுதலாம். நான் தங்குவதற்கு அனுமதி கேட்கும் விண்ணப்பத்தில் ‘உறவு’ என்று ஒரு கட்டம். அதில் எங்கள் உறவுக்கு இடமில்லை. கணவன் இல்லாத பெண்ணுக்கு மாமியார் எப்படி இருப்பார் என்று அவர்கள் கணக்கு. ஆபீஸில் இருந்த அம்மாள் மூன்று தடவை அதையே கேட்டார். நான் எதற்கும் ஒரு ‘கிராண்ட்’ சொல்லி வைத்தேன். வசந்தி என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

வெளியே வந்து, “என்னம்மா சொன்னே?” என்று கேட்டேன்.

“என் புருஷன்தான் போயிட்டாரு, இவங்க போகல, இவங்க எங்கம்மாதான்னேன்.”

மூன்று முறை விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பினார்கள். குழந்தைக்கு வேறு ஆள் இல்லை, தாய்க்கு இரவு டூட்டி உண்டு என்று கடிதத்துக்கு மேல் கடிதம். ஒவ்வொரு முறையும் கவரை ஒட்டி, பிரிட்ஜில் இருக்கிற படத்துக்குக் காட்டிவிட்டு எடுத்துப் போவாள். நாலாவது முறை அனுமதி வந்தது. அவள் குதிக்கவில்லை. படத்தைப் பார்த்து, “ரொம்பத்தான் இழுத்துட்டீங்க” என்று சலித்துக்கொண்டாள்.

அவள் ஒவ்வொரு படி ஏறும்போதும் எனக்குள் அந்தச் செவ்வரளி உறுத்தும். நான் அடைக்கப் பார்த்த வழியில் அவள் போகிறாள், என்னையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிறாள்.

5

இந்தத் தை மாசம் மூன்று பேரும் லீவில் ஊருக்குப் போனோம். ஸ்ரீரங்கத்தில் ஒரு வீடு எடுத்துத் தங்கினோம். சுகந்தி மணப்பாறை முறுக்கு ஒரு டின் தூக்கிக்கொண்டு வந்தாள். ஜெர்மனியிலிருந்து அவளுக்குக் கடிதம் வந்திருந்தது. பதில் சொல்ல நாலு நாள் இருந்தது.

சாயங்காலம் அம்மா மண்டபத்துப் படியில் உட்கார்ந்திருந்தோம். யாழினி கீழே தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டிருந்தாள்.

“அத்தை, எனக்கும் நீங்கதான் பூ கட்டணும்” என்றாள் சுகந்தி. “நீங்க கட்டினா பலிக்கும். எங்கம்மா ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்காங்க. உத்தரவு வந்தா போறேன். இல்லைன்னா ஆளை விடுங்க.”

“உனக்கு ஏன்டி இவ்வளவு பயம்?” என்றாள் வசந்தி.

“உனக்கென்னக்கா, சொல்லுவே. உனக்குப் பெருமாளே சிவப்பு குடுத்தாரு.”

வசந்தி ஆற்றைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“அத்தை, கோவிச்சுக்காதீங்க. இத்தனை வருஷமா உங்ககிட்ட சொல்லாம வச்சிருந்தேன்.” தங்கையைப் பார்த்தாள். “அன்னிக்கு அந்த இன்னொரு பொட்டலத்தை இங்கதான் விட்டேன். காகிதம் ஊறிப் பிரிஞ்சிடுச்சு. அதுலயும் செவ்வரளிதான்டி.”

என் கையிலிருந்த முறுக்கு படியில் விழுந்தது.

“அத்தை தெரிஞ்சேதான் ரெண்டுலயும் சிவப்பு வச்சிருக்காங்க. பெருமாள் எனக்கு வேண்டாம்னு சொல்லிடக் கூடாதுன்னு. புள்ளையப் பறிகொடுத்த மனுஷி, பேத்தியும் போயிடுவான்னு தெரிஞ்சும், போடின்னு அனுப்பி வச்சாங்க. அங்க எனக்கு எத்தனை நாள் பெட்டியைக் கட்டிடலாம்னு தோணியிருக்கு தெரியுமா? அப்பல்லாம் அந்த ரெண்டு பொட்டலத்தை நெனச்சுப்பேன். அஞ்சாங்கிளாஸ் படிச்சவங்களுக்கு இவ்வளவு நம்பிக்கை இருந்தா எனக்கு என்ன கேடுன்னு எந்திரிச்சு வேலைக்குப் போயிடுவேன்.”

சுகந்தி என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “அப்ப எனக்கும் அந்த மாதிரியே கட்டிடுங்க அத்தை. ரெண்டுலயும் சிவப்பு.” இருவரும் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. வசந்தி என்னைப் பார்த்துத்தான் தைரியம் கொண்டாள் என்கிறாள். அவள் பார்த்த அந்த மனுஷி நான் இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் சாகும்வரை நல்லவளாக இருக்கலாம். ஆனால் இன்னொரு பெண் இப்போது என் கைப் பூவை நம்பிக் கடல் தாண்டப் போகிறாள். சொன்னால் வசந்தி என்னை இனி அம்மா என்பாளா? அந்தக் கட்டத்தில் இடமில்லாத உறவு அவள் வாய்ச்சொல்லால்தானே நிற்கிறது.

6

மறுநாள் காலையில் ரங்கா ரங்கா கோபுரத்துக்குப் பக்கத்தில் பூ வாங்கினேன். இந்த முறை ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு. சரியாகத்தான் மடித்தேன். தரிசனம் முடிந்து அதே தூண் ஓரமாக உட்கார்ந்தோம். பொட்டலங்களைக் கீழே வைத்தேன்.

யாழினியை எடுக்கச் சொன்னாள் சுகந்தி. “சித்தி, விவரம் தெரியாத கொழந்தைதானே எடுக்கணும்? எனக்குப் பதிமூணு வயசு” என்றாள். பிறகு என்னைப் பார்த்து, “அப்பாயி, பெருமாளுக்கு ரெண்டே ரெண்டு ஆப்ஷன் குடுக்கறீங்க. அவருக்கு மூணாவதா ஒரு பதில் இருந்தா எப்படிச் சொல்லுவாரு?” என்று கேட்டாள்.

“வாயாடாம எடுடி” என்றாள் வசந்தி.

யாழினி கையை நீட்டினாள். “நில்லு, எடுக்காதே” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. தூணைப் பார்த்துக்கொண்டுதான் பேசினேன், அவர்கள் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை.

“எங்க பக்கம் வெள்ளைதான் உத்தரவு. சிவப்புன்னா வேண்டாம். நான் ரெண்டுலயும் வச்சது வேண்டாம்ங்கிற பூ. நீ போகணும்னு வைக்கல வசந்தி. போகக் கூடாதுன்னு வச்சேன்.”

ஒரு கூட்டம் கோவிந்தா போட்டுக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனது.

“ஏன் அத்தை?” என்றாள் வசந்தி.

“பயம். பாப்பாவைக் கூட்டிட்டுப் போயிடுவே, நான் தனியா கெடப்பேன்னு.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருந்தா நீ போயிருக்க மாட்டே.”

“ஆமா. போயிருக்க மாட்டேன்.”

எழுந்து போய்விட்டாள். எதிர்ப்பக்கத் தூணில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். சுகந்தி எழப் போனாள், நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். ஏர்போர்ட் கண்ணாடிக் கதவின் முன்னால் நின்றபோது வந்த பயமெல்லாம் ஒரு பயமா? அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, அதுதான் பயம். பெருமாளே, உன்னிடம் பொய்ப் பூ கொண்டுவந்தேன், இன்றைக்கு உண்மையைக் கொண்டுவந்திருக்கிறேன், இதற்குமேல் உன் இஷ்டம் என்று விட்டுவிட்டேன். என் வாழ்க்கையில் நான் அவரை நம்பி விட்டது அந்த ஒரு தடவைதான்.

அவள் திரும்பி வந்தபோது முகம் வீங்கியிருந்தது. என் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

“அப்ப நீங்களும் போகச் சொல்லல. அவரும் உத்தரவு குடுக்கல. நான் யாரை நம்பி அத்தை போனேன்?”

“ஆனா நீ போனியேம்மா” என்றேன்.

“போனேன்” என்றாள். அதைச் சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் கூடவே வந்தது. “போயிருக்கேன் பாருங்களேன்! நீங்க தடுக்க வச்ச பூ. அதையே எடுத்து என் கையில குடுத்து, கெளம்புன்னுட்டாரு. கெட்டிக்கார மனுஷன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டு சன்னதிப் பக்கம் ஒரு முறை பார்த்தாள். பிறகு என்னிடம், “மனசு வலிக்குது அத்தை, இல்லேங்கல. ரெண்டு நாள் என்னை விட்டுருங்க” என்றாள்.

விட்டேன். இரண்டு நாள் அளந்துதான் பேசினாள். மூன்றாம் நாள் எண்ணெயைச் சூடு பண்ணி எடுத்துவந்து என் முட்டியில் தேய்த்தாள். “வலி எப்படி இருக்கு?” என்றாள். “கிராண்ட்” என்றேன். முட்டியில் ஒரு தட்டு தட்டினாள்.

அன்றைக்குக் கோயிலில் இன்னொன்றும் நடந்தது. நாங்கள் பேசி முடிக்கும்வரை சுகந்தி அந்த இரண்டு பொட்டலங்களையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு இரண்டையும் சேர்த்து எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.

“சித்தி, பிரிக்கலையா?” என்றாள் யாழினி.

“வேண்டாம்டா. உங்கம்மா உத்தரவில்லாமத்தான் போயிருக்கா.”

அம்மா மண்டபத்தில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. என் கையைப் பிடித்துப் படிப்படியாக என்னையும் கீழே இறக்கிக் கூட்டிப்போனார்கள். சுகந்தி இரண்டு பொட்டலங்களையும் ஒன்றாக விட்டாள். எதில் எந்தப் பூ என்று அவள் கேட்கவில்லை. காகிதம் பிரிகிறதா என்று பார்க்கவும் அவள் நிற்கவில்லை. முதலில் படியேறியவள் அவள்தான்.

7

நோட்டை மூடப்போனேன், போன் அடித்தது. அங்கே சாயங்காலம், எங்களுக்கு மத்தியானம். வசந்தி டூட்டியில் இருக்கிறாள், யாழினி ஸ்கூலில். நான் தனியாகத்தான் எடுத்தேன். திரையில் சுகந்தியின் முகம். அவளுக்குப் பின்னால் திருச்சி ஏர்போர்ட் வாசல், அதே கண்ணாடிக் கதவு.

“அத்தை, அக்கா போனை எடுக்கல.”

“வார்டுல இருப்பா. சொல்லு.”

“உள்ள போயிட்டா திரும்ப வெளிய விட மாட்டாங்களாம். அம்மா இங்க அழுறாங்க.” கண்ணாடிக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். “உத்தரவு கேட்டிருக்கலாமோன்னு இருக்கு அத்தை. அந்தப் பொட்டலத்தைப் பிரிச்சுப் பார்த்திருக்கலாம்.”

நான் பிரிட்ஜைப் பார்த்தேன். காலையில் வசந்தி தொட்டதில் படம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. நேராக்கினேன்.

“டிக்கெட்டைக் கையில எடுத்தியா?”

“எடுத்துட்டேன்.”

“பயமா இருக்கா?”

“ரொம்ப.”

“எனக்கும் உனக்காகப் பயமாத்தான் இருக்கு. இருக்கட்டும். அவரு உள்ள நிக்கிறாரு, காக்க வைக்காத. போ.”

போனை அணைக்காமலே நடந்தாள். திரையில் கூரை தெரிந்தது, யாரோ ஒருவரின் சட்டைப் பொத்தான் தெரிந்தது, போலீஸ்காரர் ஏதோ கேட்டார், அவள் ஏதோ சொன்னாள். பிறகு கதவு திறக்கும் சத்தம் கேட்டது.